ஓர் ஊர், இரண்டு மெயின் தெரு

ஏழாவது மாதமாக ஆர்டிஸ் ட்வேட்டன் அதே வரியைத் தட்டச்சு செய்தாள்: ‘தெருப் பெயர் குறித்து முடிவு எட்டப்படவில்லை.’ முற்றுப்புள்ளியை அவள் குத்திய வேகத்தில் காகிதத்தில் ஓட்டை விழுந்தது. அந்த ஓட்டையையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அறுபத்திரண்டு வயதில் ஒரு காகிதத்தின்மீதுதான் கோபத்தைக் காட்ட முடிகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

வடக்கு டகோட்டாவில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் வாழும் பிரேவிக் என்ற ஊருக்கு அவள்தான் எழுத்தர். இருபத்திரண்டு வருஷமாக அந்த நாற்காலி அவளுடையது. ஊர்சபையில் மூன்றே பேர். தலைவர் அவளுடைய கணவர் நார்வல் ட்வேட்டன். இன்னொருவர் அவளுடைய அண்ணன் ரெய்ன்ஹோல்ட் ஷைப்ளே, ஊருக்கு ரெய்னி. மூன்றாமவர் தானியக் கிடங்கை நடத்தும் எல்ராய் ஹின்ட்ஸ். முதல் இருவரும் எந்தப் பக்கம் கை தூக்குவார்கள் என்பது அவர்கள் பிறப்பதற்கு முன்பே முடிவான விஷயம். மூன்றாமவர் எந்தப் பக்கமும் கை தூக்க மாட்டார் என்பதும் அப்படியே.

வழக்கு இவ்வளவுதான். கவுண்டி, அதாவது மாவட்டம், முழுவதற்கும் புது அவசரத் தொலைபேசி எண் வருகிறது. கூப்பிட்டால் ஆம்புலன்ஸ் நேராக வாசலுக்கு வரவேண்டுமென்றால் எல்லா வீட்டுக்கும் எண் வேண்டும், எல்லாத் தெருவுக்கும் பெயர் வேண்டும். ஒரே ஊரில் ஒரே பெயரில் இரண்டு தெரு இருந்தால் கம்ப்யூட்டர் ஏற்காது. பிரேவிக்கில் இரண்டு மெயின் தெரு இருந்தது.

ஏன் இரண்டு என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். ஊர்க்காரர்கள் கேட்பதில்லை. அவர்களைப் பொறுத்தவரை இருப்பது ஒன்றுதான். மற்றது வெறும் வழி.

1886இல் ரயில் வந்தபோது தெற்கே இருந்த பெரிய சதுப்பு நிலத்துக்குப் பயந்து தண்டவாளத்தை வடமேற்காகச் சாய்த்துப் போட்டார்கள். ரயில் கம்பெனி தன் தண்டவாளத்துக்கு இணையாகத் தெருக்களை அளந்து ஊர் போட்டது. அதனால் அந்தத் தெருக்கள் எல்லாமே சாய்ந்தே கிடந்தன. பக்கத்து நிலம் நார்வலின் தாத்தா ஹால்வர் ட்வேட்டன் என்ற நார்வேக்காரருடையது. கம்பெனிக்கு ஓர் அடி நிலம்கூட விற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு அவரே ஒரு ஊர் போட்டார். கடவுள் திசைகளை நேராகப் படைத்திருக்கும்போது தெருக்கள் மட்டும் ஏன் கோணலாக இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. தெற்கு வடக்காக, கிழக்கு மேற்காக, கோடு பிசகாமல் அளந்தார். கம்பெனி ஊருக்குச் ‘சாய்வு’ என்றும் ஹால்வர் ஊருக்குச் ‘சதுரம்’ என்றும் பெயர் நின்றுவிட்டது. இரண்டும் முட்டிக்கொண்ட இடத்தில் முக்கோணமாக ஒரு துண்டு நிலம் மிஞ்சியது. அதற்குப் பெயர் ‘ஆப்பு’. தபால் நிலையத்தை அங்கேதான் கட்டினார்கள். கதவை முக்கோணத்தின் முனையில் வைத்தார்கள், யாருக்கும் நாலு அடிகூட அதிகமாகிவிடக் கூடாதே என்று.

தபால் எல்லாருக்கும் தபால் நிலையத்துப் பெட்டிக்குத்தான் வரும். ஆகவே நூறு வருஷத்துக்கு மேல் எந்த வீட்டுக்கும் எண் தேவைப்படவில்லை. இரண்டு வங்கி இருந்தது, இரண்டும் மூழ்கியது. இரண்டு ஹோட்டல் இருந்தது, இரண்டும் எரிந்தது. நெடுஞ்சாலை வந்தபோது இரண்டு ஊரையும் சமமாக அவமதித்து மூன்று மைல் தெற்கே போய்விட்டது. எழுபத்தொன்பதில் தண்டவாளத்தையும் பிடுங்கிக்கொண்டு போனார்கள். இன்றைக்குச் சாய்வு எதற்காகச் சாய்ந்திருக்கிறது என்று காட்ட ஓர் இரும்புத் துண்டுகூட இல்லை. ஆனாலும் ஜூலை நான்காம் தேதி சுதந்திர தின ஊர்வலம் ஒரு வருஷம் அந்த மெயின் தெருவில் புறப்பட்டால் அடுத்த வருஷம் இந்த மெயின் தெருவில் புறப்பட வேண்டும். எந்த வருஷம் யாருடையது என்பதை எழுதி வைப்பதும் ஆர்டிஸின் வேலைதான்.

அவள் பிறந்தது சாய்வில். அப்பா ரயில் பாதைக் கூலிகளுக்கு மேஸ்திரி, ஜெர்மன்காரர். பதினெட்டு வயதில் ஒரு வருஷம் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னாள். ஒரு நடன நிகழ்ச்சியில் நார்வல் அவள் காலை மிதித்தார். மன்னிப்புக் கேட்க வந்தவர் மூன்று பாட்டு முடியும்வரை போகவில்லை. 1952இல் கல்யாணம். பிறந்த வீட்டிலிருந்து புகுந்த வீட்டுக்கு இருநூற்றைம்பது காலடி. அந்த இருநூற்றைம்பது காலடியைக் கடந்ததற்கு அவள் கேட்ட பேச்சு கொஞ்சமல்ல. முதல் ஞாயிற்றுக்கிழமை விருந்தில் அவள் மேஜையில் கரண்டிகளை வைத்ததைப் பார்த்து மாமியார் சொன்னாள்: “உங்க பக்கத்துல கரண்டியைக்கூடக் கோணலாத்தான் வைப்பாங்களோ?” எல்லாரும் சிரித்தார்கள். ஆர்டிஸும் சிரித்தாள். அன்றிலிருந்து கரண்டிகளை அளவுகோல் வைத்ததுபோல் வைத்தாள். நாற்பத்தொரு வருஷம் இரண்டு பக்கத்துக்கும் நடுவே கேக்கும் சேதியும் சுமந்து நடந்தாள். மகள் மின்னியாபொலிஸ் நகரத்துக்குப் போய்விட்டாள். அம்மாவிடம் தொலைபேசியில் கேட்பாள்: “இன்னும் சண்டை போட்டுட்டுத்தான் இருக்காங்களா?” பிறகு சிரித்துவிட்டுப் போனை வைத்துவிடுவாள்.

ஆர்டிஸுக்கு அது சிரிப்பாக இருந்தது போன அக்டோபர் வரைக்கும்தான்.

அந்த அக்டோபரில் ஒரு நாள் காலை ஆறு மணிக்கு நார்வல் காப்பிக் கோப்பையோடு சமையலறையில் சரிந்தார். முகம் சாம்பலாகிவிட்டது. அவள் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். பதினேழு மைல் தள்ளி இருக்கும் ஊரிலிருந்து வரவேண்டும். “பிரேவிக், மெயின் தெரு, பச்சைக் கூரை போட்ட வெள்ளை வீடு” என்றாள். வண்டி ஓட்டி வந்தவன் அந்தப் பகுதிக்குப் புதியவன். சைரன் சத்தம் ஊருக்குள் வருவது அவளுக்குக் கேட்டது. நெருங்கி வந்தது. பிறகு விலகியது. பிறகு நின்றுவிட்டது. கணவரின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, நின்றுபோன அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்த நிமிடங்களை எந்தப் பெண்ணுக்கும் கடவுள் கொடுக்கக் கூடாது.

வண்டி நின்றது ரெய்னியின் வாசலில். அவர் வீடும் வெள்ளை, கூரையும் பச்சை. கம்பளிச் சட்டையோடு வெளியே வந்தவரிடம் ஓட்டுநர் கேட்டான்: “இது மெயின் தெருதானே?”

“மெயின் தெருவேதான்.”

“யாருக்கோ நெஞ்சுவலின்னாங்களே?”

“இங்க யாருக்கும் ஒண்ணுமில்லையேப்பா.”

“வேற மெயின் தெரு ஏதாச்சும் இருக்கா இந்த ஊர்ல?”

அறுபத்தைந்து வருஷப் பழக்கம். மூளை யோசிக்கும் முன்பே வாய் சொல்லிவிட்டது: “இந்த ஊருக்கு ஒரே மெயின் தெருதான்.”

ஓட்டுநர் பக்கத்து வீடுகளைத் தட்டிப் பார்த்தான். எதிர் வீடுகளைத் தட்டிப் பார்த்தான். ரெய்னி உள்ளே போய் ரொட்டியில் வெண்ணெய் தடவும்போதுதான் பச்சைக் கூரை போட்ட இன்னொரு வெள்ளை வீடு அவர் நினைவுக்கு வந்தது. வெறுங்காலோடு ஓடி வண்டியை மறித்தார். பதினான்கு நிமிடம் போயிருந்தது.

நார்வல் பிழைத்தார். ஆனால் டாக்டர் ஆர்டிஸை வெளியே கூப்பிட்டுச் சொன்னார்: “இதயத்துல ஒரு பகுதி செத்துப்போச்சும்மா. இன்னொரு தடவை இப்படி வந்தா, பதினாலு நிமிஷமெல்லாம் அவருக்குக் கிடையாது.”

அந்த வார்த்தையை அவள் நெஞ்சில் சுமந்துகொண்டு வீடு திரும்பினாள். மறுமாதமே கவுண்டியிலிருந்து கடிதம் வந்தபோது, அது கடவுளே கையெழுத்துப் போட்டு அனுப்பியது என்று நினைத்தாள். ஜூன் முப்பதுக்குள் தெருப் பட்டியல் கொடுக்க வேண்டும். தவறினால் அடுத்த வாய்ப்பு மூன்று வருஷம் கழித்துத்தான். மூன்று வருஷம் என்ற இடத்தை அவள் இரண்டு முறை படித்தாள்.

ஒரே மாதத்தில் முடித்துவிடலாம் என்றுதான் நம்பினாள். சாகக் கிடந்தவர் தலைவர். அவரைச் சாகவிடப் பார்த்தவர் உறுப்பினர். இவர்களுக்குப் புரியாதா?

புரியவில்லை.

“அந்த டிரைவர் முட்டாள்” என்றார் நார்வல், மாத்திரையை விழுங்கியபடி. “மெயின் தெருன்னா மெயின் தெரு. சாய்வுக்கு எதுக்குப் போனான்?”

“அங்கயும் மெயின் தெருன்னு பலகை இருக்கு நார்வல்.”

“பலகை யார் வேணா வைக்கலாம்.”

“ரெண்டு பேருமே விட்டுக்கொடுங்க. இது முதல் தெரு, அது ரெண்டாம் தெருன்னு வச்சிக்கலாம்.”

“யாரு முதல், யாரு ரெண்டாவது?”

“சரி, மரத்துப் பேர் வைப்போம்.”

“எங்க தாத்தா ராத்திரியெல்லாம் குதிரை ஓட்டிட்டுப் போய், விடியக்காலம் கோர்ட்டு வாசல்ல நின்னவர். ரயில்காரன் வரும்போது இவர் ஊர்ப் பதிவை முடிச்சிட்டு சுருட்டுப் பிடிச்சிட்டிருந்தாராம். அந்தத் தெருவை நான் மரத்துக்குத் தரணுமா?”

இந்தக் கதையை அவர் ஒவ்வொரு ஜூலை நான்காம் தேதியும் சொல்வார். சுருட்டு என்று சொல்லும்போது விரல்களை உதட்டருகே கொண்டுபோவார். பல வருஷத்துக்கு முன்பு, அப்படிக் கதை சொல்லும் அவர் முகத்தைப் பார்த்துத்தான் அவள் அவரை விரும்பினாள். இப்போது அதே கதை அவர் கழுத்தில் சுருக்காக விழுந்து கிடக்கிறது. அதை அவிழ்க்க அவள் விரல்களுக்கு வலுவில்லை.

அண்ணனிடம் போனாள். ரெய்னிக்கு அவளை நிமிர்ந்து பார்க்கவே முடியவில்லை. மாவு உருண்டையும் உருளைக்கிழங்கும் போட்ட சூப்பை ஒரு கிண்ணம் நிறைய ஊற்றி அவள் முன்னால் வைத்தார்.

“நான் தினம் அதை நினைச்சிட்டுத்தான் படுக்கறேன், ஆர்டி. கனவுல அந்தச் சைரன் கேக்குது.”

“அப்ப விட்டுக்கொடு.”

“என் டிரக் சாவியை எடுத்துக்கோ. இல்ல, ஒரு போன் போடு, நாலு நிமிஷத்துல நானே வந்து தூக்கிட்டுப் போறேன். உங்க வாசல்லயே வேணும்னா படுத்துக்கறேன்.”

“எனக்கு நீ வாசல்ல படுக்க வேணாம் ரெய்னி. அந்தப் பேரு வேணும்.”

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். “அப்பா அந்தத் தெருவுல பனி வாரியே முதுகு ஒடிஞ்சவர். தண்டவாளத்தையும் பிடுங்கிட்டாங்க, ஸ்டேஷனையும் இடிச்சிட்டாங்க. எங்க பக்கம் மிச்சம் இருக்கறது அந்த ஒரு பேருதான். அதையும் கேக்கறியே.”

உயிரைக் கேட்டால் கொடுப்பார், பெயரைக் கேட்டால் கொடுக்க மாட்டார். இதை யாரிடம் போய் அழுவது? சூப்பைக் குடிக்காமலே எழுந்து வந்தாள்.

எல்ராய் ஹின்ட்ஸ் கதை வேறு. இரண்டு பக்கமும் அவரிடம்தான் கோதுமை கொண்டுவருகிறது. அதனால் ஏழு மாதமாகக் கூட்டத்தில் கூரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆர்டிஸ் கிடங்குக்கே போய் அவரைப் பிடித்தாள்.

“எல்ராய், உன் ஒரு கை போதும். ஏதாவது ஒரு பக்கம் தூக்கு.”

“எந்தப் பக்கம் தூக்கினாலும் அந்தக் கையை மத்தவன் உடைப்பான்.” தொப்பியைத் தள்ளித் தலையைச் சொறிந்தார். “ஒண்ணு செய். எது முதல்ல வந்ததுன்னு காகிதம் காட்டு. காகிதம் சொல்லுச்சு, நான் கேட்டேன்னு சொல்லிக்கறேன். காகிதத்தோட யாரும் சண்டைக்குப் போக முடியாதுல்ல.”

மறுநாளே அவள் முப்பது மைல் ஓட்டிக்கொண்டு கவுண்டி அலுவலகத்துக்குப் போனாள். முகவரி வேலையைக் கவனித்த பாம் லிண்ட்க்விஸ்ட் என்ற பெண்மணிக்கு ஆர்டிஸ் மீது இரக்கம். “உங்க ஊர் ஒண்ணுதாங்க பாக்கி. மத்த பதினோரு ஊரும் முடிச்சாச்சு” என்று சொல்லியபடியே, இரண்டு கையாலும் தூக்க வேண்டிய பழைய பதிவுப் புத்தகத்தை மேஜைமீது இறக்கினாள்.

முப்பத்தோராம் பக்கம்: ரயில் கம்பெனி போட்ட ஊர். நடுவில் மெயின் தெரு. செப்டம்பர் 14, 1886, காலை மணி ஒன்பது முப்பது.

முப்பத்திரண்டாம் பக்கம்: ஹால்வர் ட்வேட்டன் போட்ட ஊர். நடுவில் மெயின் தெரு. அதே நாள், காலை மணி பத்தே கால்.

ஆர்டிஸ் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். நாற்பத்தைந்து நிமிடம். ஹால்வர் இரண்டாவதாகத்தான் வந்திருக்கிறார். விடியற்காலமும் இல்லை, சுருட்டும் இல்லை.

“நீங்க ட்வேட்டன் குடும்பம்தானே?” என்றாள் பாம் மெதுவாக.

“கல்யாணம் பண்ணிக்கிட்டு வந்தவ” என்றாள் ஆர்டிஸ். “ஒரு நகல் கொடுங்க.”

அந்த நகலைச் சமையல் குறிப்புகள் வைக்கும் இழுப்பறையில், சாக்லேட் கேக்குக்கும் ஊறுகாய்க்கும் நடுவில் ஒன்பது நாள் வைத்திருந்தாள். காட்டினால் எல்ராய் கை தூக்குவார், எண் வரும், ஆம்புலன்ஸ் வரும். ஆனால் நார்வல்? அந்த மனிதருக்குத் தாத்தாவையும் அந்தச் சுருட்டையும் விட்டால் பெருமை என்று என்ன இருக்கிறது? விளைச்சல் மூன்று வருஷம் பொய்த்துவிட்டது. மகள் ஊரைவிட்டே போய்விட்டாள். இதயத்தில் ஒரு பகுதி செத்துவிட்டது. மிச்சமிருப்பதையும் கட்டிய மனைவியே பிடுங்க வேண்டுமா? பாத்திரம் தேய்க்கும்போது கண்ணீர் சோப்புத் தண்ணீரில் விழுந்தது. இடையிடையே கோபமும் வந்தது. இரண்டு கிழவர்களுக்காக நான் ஏன் அழ வேண்டும்?

பத்தாம் நாள் மதியம் நார்வல் வெளியே வேலிக் கம்பை நிமிர்த்திக்கொண்டிருந்தார். ஜன்னல் வழியாக அவள் பார்த்தாள். திடீரென்று கம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார். ஒரு கை சட்டையின் இடது பக்கத்தைப் பிசைந்தது. ஆர்டிஸின் கண் தானாகவே சுவர்க்கடிகாரத்துக்குப் போனது. இரண்டு பத்து. அவர் நிமிர்ந்தபோது இரண்டு பதினாலு. உள்ளே வந்தவர், “வாயு. பீன்ஸ் ஒத்துக்கலை” என்றார்.

மறுநாள் காலை, முட்டையை வைப்பதற்கு முன்னால் அந்தக் காகிதத்தை அவர் தட்டருகே வைத்தாள்.

அவர் படித்தார். நீண்ட நேரம் படித்தார். காதுகள் சிவந்தன.

“குமாஸ்தாவோட கடிகாரம் ஓடாம இருந்திருக்கும்.”

“பக்க எண்ணும் இருக்கு நார்வல்.”

“புத்தகத்தைத் தலைகீழா வச்சுக்கூட எழுதுவானுங்க.” காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். “இது கூட்டத்துக்கு வராது.”

“எனக்கு உன் தாத்தா வேணாம். நீ வேணும்.”

“தாத்தா இல்லாத நான் யாரு?” என்றார் அவர். முட்டையைத் தொடாமல் எழுந்து போனார்.

ஆர்டிஸ் தொலைபேசியை எடுத்துப் பாமைக் கூப்பிட்டாள். “இன்னொரு நகல் தபால்ல போடுங்க. என் பேருக்கு.” சொல்லும்போது வாசலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள், திருடப் போகிறவளைப் போல.

ஜூன் இருபத்தொன்பதாம் தேதி மாலை ஏழு மணிக்குக் கூட்டம். வெயில் இன்னும் ஜன்னலில் காய்ந்தது. தீயணைப்பு வண்டி நிற்கும் கொட்டகையில் மடக்கு நாற்காலி போட்டு இரண்டு பக்கத்திலிருந்தும் முப்பது பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள், நடுவே வழி விட்டு. கேக் துண்டுகளையும் காப்பியையும் ஆர்டிஸே கொண்டுவந்து வைத்திருந்தாள்.

நார்வல் சுத்தியலைத் தட்டினார். “தெருப் பேர் விஷயம். யாராவது ஏதாவது பேசணுமா?”

“போன மாசம் பேசினதையே பேசறதுன்னா நான் வீட்டுக்குப் போய் ரேடியோ கேக்கறேன்” என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார். சிரிப்பு எழுந்தது.

“நான் பேசணும்” என்றாள் ஆர்டிஸ்.

சிரிப்பு நின்றது. இருபத்திரண்டு வருஷத்தில் எழுத்தர் ஒரு முறையும் பேசியதில்லை, எழுதியதோடு சரி. அவள் எழுந்து, கணவரைப் பார்க்காமல், காகிதத்தை எல்ராய் முன்னால் வைத்தாள். “ரெண்டு ஊரும் பதிவான பக்கம். நேரத்தைப் படி.”

எல்ராய் கூரையிலிருந்து கண்ணை இறக்கிப் படித்தார். பிறகு, அவருக்கே வேண்டாத குரலில், உரக்கப் படித்தார். ஒன்பது முப்பது. பத்தே கால்.

சாய்வுப் பக்கத்தில் ஒருவர் கை தட்ட ஆரம்பித்து, பக்கத்தில் இருந்தவள் முழங்கையால் இடித்ததும் நிறுத்திவிட்டார். நார்வல் மனைவியைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பாள்.

“என்ன இருந்தாலும் நீ சாய்வுக்காரிதானே” என்றார்.

நாற்பத்தொரு வருஷம் நேராக வைத்த கரண்டிகள் எல்லாம் ஒரே நொடியில் தரையில் விழுந்ததுபோல் இருந்தது அவளுக்கு. உட்கார்ந்தாள். பேனாவை எடுத்தாள்.

ரெய்னிக்கு ஜெயித்த முகமே இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார். “மெயின் தெருன்ற பேர் எங்க பக்கம் நிக்கட்டும். அந்தத் தெருவுக்கு ட்வேட்டன் தெருன்னு வைக்கலாம்னு நானே முன்மொழியறேன். மச்சான், உங்க தாத்தா பேரு. மரியாதையா இருக்கும்.”

“இரண்டாவதா வந்தவனுக்கு ஆறுதல் பரிசா?” என்றார் நார்வல். “எங்க தாத்தா பேரை நீ தொடாதே ரெய்னி.”

“நல்லதுக்குத்தானே சொன்னேன்.”

“உன் நல்லதை அக்டோபர்லயே பார்த்தேன்.”

ரெய்னி நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். அந்த வார்த்தையை அதுவரை யாரும் அவர் முகத்துக்கு நேரே சொன்னதில்லை.

“அந்தத் தெருவுல சர்ச் இருக்கு” என்றார் எல்ராய் அவசரமாக. “சர்ச் தெருன்னு வச்சிடுவோம். சர்ச்சோட யாருக்கும் சண்டையில்லையே. ஆதரிக்கறவங்க கை தூக்குங்க.” முதல் முறையாக அவர் கை மேலே போனது. ரெய்னியின் கை தாமதமாக எழுந்தது. நார்வல் இரண்டு கையையும் மேஜைமேல் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார்.

ஆர்டிஸ் எழுதினாள்: ‘இரண்டுக்கு ஒன்று. தீர்மானம் நிறைவேறியது.’ எட்டு மாதமாக எழுதக் காத்திருந்த வரி. எழுதும்போது சந்தோஷம் என்று எதுவும் வரவில்லை.

ஆகஸ்டில் எண் பலகைகள் வந்தன; பச்சைத் தகடு, இருட்டிலும் மின்னும் எழுத்து. அவர்கள் வீட்டுக்கு நானூற்றுப் பதினெட்டு. அவள் வாசல் நிலையில் அறைந்தாள். மாலையில் பார்த்தால் இல்லை. கொட்டகையில் பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னால் கிடந்தது. மறுபடி அறைந்தாள். மறுபடி காணோம். நான்கு முறை நடந்தது. வாசல் நிலையில் ஆணி ஓட்டைகள் பெருகின. நார்வல் அவளோடு பேசுவதைச் சாப்பாடு, மாத்திரை, வானிலை என்ற மூன்று விஷயத்தோடு நிறுத்திக்கொண்டார். அந்த வருஷ ஊர்வலத்துக்கும் வரவில்லை. எதிர் வீட்டில், பக்கத்து வீட்டில், சர்ச்சிலேகூடப் பலகை மின்னியது. யாருக்காக இத்தனையும் செய்தாளோ, அந்த ஒரு வீடு மட்டும் எண்ணில்லாமல் நின்றது.

ஐந்தாவது முறை அவள் ஆணியை எடுக்கவில்லை. காலை பத்து மணி. அவர் காப்பிக்கு வரும் நேரம். ஏப்ரனோடு சமையலறைத் தரையில், அக்டோபரில் அவர் கிடந்த அதே இடத்தில் மல்லாந்து படுத்தாள். வராந்தாவில் காலடி கேட்டதும் சத்தமாகச் சொன்னாள்: “பயந்துடாதே, நான் நல்லாத்தான் இருக்கேன். உள்ள வா.”

நார்வல் வாசற்படியிலேயே நின்றார். “என்ன கூத்து இது? எழுந்திரு.”

“நான் விழுந்துட்டேன்.”

“விழலை. படுத்திருக்கே.”

“நீ மட்டும்தான் விழுவேன்னு நினைச்சிட்டிருக்கே. எனக்கும் அறுபத்திரண்டு ஆகுது. ஒரு நாள் நான் இங்க கிடப்பேன், நீ நின்னுட்டிருப்பே. போனை எடு. என்ன சொல்லுவேன்னு நான் கேக்கணும்.”

அவர் எதிர்த்துப் பேச வாயைத் திறந்தார். மனைவி தரையில் கிடப்பதை அந்த வாசலில் நின்று அவர் ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை. அது அவர் முகத்தில் தெரிந்தது. தொப்பியைக் கழற்றினார். மெதுவாகச் சுவர்த் தொலைபேசிக்குப் போனார். அழைப்பு நிஜமாகவே போய்விடாமல் ஒரு விரலால் போனின் கொக்கியை அழுத்திக்கொண்டு, ரிசீவரைக் காதில் வைத்தார்.

“பிரேவிக்” என்றார் சுவரைப் பார்த்து. “என் மனைவி கீழ விழுந்துட்டா.” குரல் உடைந்தது. செருமிக்கொண்டார். “நானூத்திப் பதினெட்டு.”

“தெரு?” என்று கேட்டாள் ஆர்டிஸ், ஆம்புலன்ஸ் ஆபீஸ்காரியைப் போல.

அவர் கழுத்து நரம்பு புடைத்தது. ஜன்னலுக்கு வெளியே நேராக, கோடு பிசகாமல் ஓடிய தெருவைப் பார்த்தார்.

“மெயின்...”

“வண்டி ரெய்னி வீட்டுக்குப் போயிடுச்சு” என்றாள் ஆர்டிஸ் தரையிலிருந்து. முதுகு வலித்தது; தரை சில்லென்றிருந்தது. இந்த மனிதரை அடிக்கவும் தோன்றியது, கட்டிக்கொண்டு அழவும் தோன்றியது. “நான் இன்னும் இங்கதான் கிடக்கறேன். திரும்பச் சொல்லு.”

நார்வல் கொக்கியை இன்னும் இறுக்கமாக அழுத்தினார். உதட்டை நனைத்துக்கொண்டார்.

“பிரேவிக்” என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.